சீட்டுக் கொப்பியும் 2008உம்

கேள்வி: அமெரிக்காவில் சிலர் வீட்டுக்கடன் கட்டாமல் விட்டதற்கு 2008இல் உலகமே ஏன் ஆட்டங்கண்டது? முதலாளித்துவம் இனி நிலைக்குமா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: என் அம்மா சீட்டுப் பிடித்தவர். சாமித்தட்டுக்குக் கீழே சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்று எப்போதும் இருக்கும். புதிதாக யாராவது சேர வந்தால், "அவளின்ரை மனுசனுக்கு இப்ப வேலை இருக்கோ?" என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகுதான் பெயர் எழுதுவார். ஒருவர் கட்டாமல் விட்டால் அம்மாதான் கைக்காசு போட வேண்டும். அந்தப் பயம்.

அமெரிக்காவில் இல்லாமற்போனது அந்தப் பயம்தான். கடன் கொடுத்த நிறுவனங்கள் பத்திரத்தைக் கையில் வைத்திருக்காமல் பெரிய வங்கிகளுக்கு விற்றன. வங்கிகள் ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றாகக் கட்டி, கடன்களின் நம்பகத்தைத் தரப்படுத்தும் நிறுவனங்களிடம் ‘ஏஏஏ’ என்ற அதியுயர் தரச் சான்று வாங்கி, உலகம் முழுக்க விற்றன. கடனாளியின் சம்பளத்தை விசாரிக்க யாருக்கும் தேவையே இருக்கவில்லை. வீட்டு விலை ஏறும்வரை சரி. இறங்கியதும், எவரிடம் எவ்வளவு கெட்ட கடன் கிடக்கிறது என்று தெரியாமல் வங்கிக்கு வங்கி கடன் கொடுக்கப் பயந்தது. 2008 செப்டம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி வங்குரோத்தானது.

போருக்குப் பிறகு, ஏழைகளுக்குச் சிறு தொகையாகக் கொடுக்கும் நுண்கடன் இங்கே வந்தபோதும் இதையே கண்டேன்: கட்ட முடியுமா என்று விசாரியாமல் கொடுத்தார்கள். ஒரு பின்னேரம், வசூலிக்க வந்த தம்பி பக்கத்து வீட்டுப் படலையடியில் மோட்டார்சைக்கிளில் இருட்டும்வரை இருந்தான். உள்ளே அந்த அக்கா விளக்குப் போடாமல் இருந்தார். முதல் கடனைக் கட்ட இரண்டாவது, அதைக் கட்ட மூன்றாவது என்று எடுத்திருந்தார்.

முதலாளித்துவம் நிலைக்கும் என்றே நினைக்கிறேன். 1929இல் விழுந்தது. 1933இல் அமெரிக்காவில் மக்களின் வைப்புப் பணத்தையும் பங்குச்சந்தை வியாபாரத்தையும் பிரித்துச் சட்டம் போட்டார்கள். 1999இல் அந்த வேலியைப் பிரித்துவிட்டார்கள். அடி மறந்தால் வேலி போய்விடும், அப்புறம் மறுபடி அடி. என் மனதை அறுப்பது வேறு: நட்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள்?

2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்றது. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளைத் தொட்டார்கள். அவற்றுக்கு 2025 வரை 12 வீத வட்டி, அதன்பின் 9 வீதம்தான் என்றார்கள். கடையில் நிற்கும் பிள்ளையின் சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் வெட்டிச் சேர்த்த காசு அது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.