"தொழில்: ஓய்வு" என்று எழுதி முடித்துவிடாதீர்கள் – மீசோதெலியோமா பற்றிச் சில கேள்விகள்

கல்நார் தூசியால் வரும் மீசோதெலியோமா பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். பெயரையே பலர் முதல் தடவையாகக் கேட்கிறார்கள், அதனால் ஒரு வரி: நுரையீரலையோ வயிற்று உறுப்புகளையோ சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் இது. அரிதானது. தூசியைச் சுவாசித்து 20 முதல் 50 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தான், நம் கூரை ஷீட்டில் இருப்பது.

அப்பாவுக்கு 71 வயது. நெஞ்சில் நீர் கோத்து இரண்டு தடவை எடுத்தாயிற்று, டிபி மாத்திரை சாப்பிடுகிறார். அந்தக் காலத்தில் பாய்லர் குழாய்களுக்குப் பூச்சு வேலை செய்தவர். இது அந்த நோயாக இருக்குமா? (அயனாவரம்)

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் டாக்டர் முதலில் டிபியைத்தான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும், ஏனென்றால் அதுதான் இங்கே அதிகம். ஆனால் நீர் திரும்பத் திரும்பச் சேருகிறது, எடை இறங்குகிறது, ஒரு பக்கமாகவே நெஞ்சு வலிக்கிறது என்றால் அடுத்த தடவை போகும்போது அப்பாவின் வேலை விவரத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்த மாதிரி ஆலை, கையால் என்ன செய்தார், தூசி பறக்குமா, முகத்தில் ஏதாவது கட்டிக்கொள்வாரா. எடுத்த நீரைச் சோதித்தால் மட்டும் இந்த நோய் பல நேரம் பிடிபடாது, உறையிலிருந்து பயாப்ஸி, அதாவது ஒரு சின்னத் துண்டை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். எடுக்க வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்ய உங்கள் தாள் உதவும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவரின் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன், மூன்று இடத்தில் பார்த்திருந்தார்கள், மூன்றிலும் "தொழில்: ஓய்வு" என்றுதான் இருந்தது. என்ன வேலையிலிருந்து ஓய்வு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டதும் மனிதர் மலர்ந்துபோய்ச் சொன்னார்: "கல்நார் மூட்டையைப் பிரிச்சுத் தொட்டியில கொட்டி, தண்ணி விட்டு, இட்லி மாவு மாதிரி கையாலேயே கரைச்சு, சூடா இருக்கிற குழாய் மேல அப்புவோம் சார். மூட்டையை உதறினா ஆளே தெரியாது, அவ்வளவு வெள்ளையா இருக்கும்." அந்த வேலையை அவர் ஒன்பது வருடம் செய்திருக்கிறார். நோய் தெரிந்தபோது ரொம்பத் தாமதமாகியிருந்தது. அந்த ஒரு கேள்வியை முதல் இடத்திலேயே யாராவது கேட்டிருந்தால் ஒரு வருட அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும். விழிப்புணர்வுக்கு என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பெரியவரின் பழைய வேலை அவர் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.

எங்கள் ஐடி கம்பெனியில் விழிப்புணர்வு நாள் நடத்த ஆசை. எந்தத் தேதி சரி? ரிப்பன் குத்திக்கொண்டால் போதுமா? (சோழிங்கநல்லூர்)

அமெரிக்காவில் செப்டம்பர் 26, பிரிட்டனில் ஜூலையின் முதல் வெள்ளி, உலக அளவில் கல்நார் விழிப்புணர்வுக்கு ஏப்ரல் முதல் வாரம். நான் செப்டம்பரைத்தான் எடுப்பேன். ஐப்பசி மழைக்கு முன்னால் சென்னையில் கூரை பார்க்கிற சமயம் அது, உடைந்த ஷீட்டை மாற்றுவார்கள், புதிதாகத் துளை போடுவார்கள், அப்புறம் ஆயுத பூஜைக்குப் பட்டறைகளை எல்லாம் தூசி தட்டிக் கழுவுவார்கள். சொல்வது காதில் விழும் நேரம். ரிப்பன் குத்துங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கட்டடத்தில் பராமரிப்பு வேலை செய்யும் அண்ணன்களையும் அந்த அறைக்குள் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஏசி அறையில் இருக்கும் உங்களைவிட, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறுகிறவருக்குத்தான் இது தேவை.

புதுப்பேட்டையில் மெக்கானிக் கடை. பிரேக் டிரம்மைத் திறந்ததும் ஏர் அடித்துத்தான் சுத்தம் செய்வோம். ஆபத்தா?

ஆமாம், அதை இன்றைக்கே நிறுத்துங்கள். எல்லா பிரேக் லைனிங்கிலும் (டிரம்மை உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை) கல்நார் இருக்காது, ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏர் அடித்தால் அந்தக் கறுப்புத் தூசி கடை முழுக்கப் பறந்து, கீழே உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையன் மூச்சில்தான் போகும். ஈரத் துணியால் துடையுங்கள், அல்லது தண்ணீரை மெல்லத் தெளித்து நனைத்து வழியுங்கள். லைனிங்கை உலர வைத்துத் தேய்க்காதீர்கள். மூக்கில் கட்டுகிற கர்சீப்பும் நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்த இழைகளைத் தடுக்காது. பக்கத்துக் கடைக்காரர்களிடம் நீங்களே சொல்லுங்கள். நான் வந்து சொன்னால் டாக்டர் பயமுறுத்துகிறார் என்பார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

வியாசர்பாடியில் ஷீட் போட்ட வீடு. அதன் கீழேதான் 18 வருடமாகத் தூங்குகிறோம். பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை.

அம்மா, தூங்குங்கள். ஷீட்டில் கல்நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது, முழுசாக இருக்கும்வரை அதிலிருந்து பறப்பது ரொம்பக் குறைவு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும், பிரஷ் வைத்துப் பாசியைத் தேய்க்கும்போதும்தான் இழை வெளியே வருகிறது. ஆகவே ஃபேன் கொக்கிக்கோ கேபிளுக்கோ துளை போடவே போடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள், அந்த நேரம் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். 2016 வர்தா புயலுக்கு அப்புறம் தெருவெல்லாம் உடைந்த ஷீட் கிடந்தது, பிள்ளைகள் அதை மிதித்து நொறுக்கி விளையாடுவதைப் பார்த்து வயிறு கலங்கியது. அப்படிக் கிடந்தால் துடைப்பத்தால் கூட்டாமல், தண்ணீர் ஊற்றி நனைத்து, கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியாக வையுங்கள்.

நன்கொடை தர விரும்புகிறேன். இணையத்தில் தேடினால் எல்லாம் வெளிநாடாக இருக்கிறதே?

இணையத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் அமெரிக்க வக்கீல் நிறுவனங்கள்தான் வரும். அங்கே இந்த நோய் பெரிய வழக்கு, நம் நோயாளிக்கு அதனால் எதுவும் ஆகாது. இங்கேயே தருவதென்றால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கியது, லாப நோக்கமில்லாதது. பணமாகத் தர முடியாதவர்கள் ஆளாகத் துணை போகலாம். வெளியூரிலிருந்து வருகிற நோயாளியோடு ஒரு நாள் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பது எவ்வளவு பெரிய உதவி என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கணவர் ஷீட் கம்பெனியில் இருந்தார், அவர் உடுப்பை நான்தான் துவைப்பேன். எனக்கும் வருமா?

வரலாம், வாய்ப்பு குறைவு. உடுப்பை உதறித் துவைத்த மனைவிமார்களுக்கு வந்ததாகப் பல நாடுகளில் பதிவு இருக்கிறது. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரின் குழு 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதியது, அதில் கல்நார்ச் சுரங்கத்துக்குள்ளேயே போகாமல் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். பயந்துகொண்டு இருக்க வேண்டாம், ஆனால் எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள்.

பீடி சிகரெட் பழக்கம் இல்லாதவருக்கு வராது அல்லவா?

மீசோதெலியோமாவுக்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லை, வரும். ஆனால் கல்நார் தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு ஏறும். எனவே பழக்கம் உள்ளவர் விடுவது நல்லதுதான்.

நான் ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரன். வயது 69. எங்கள் ஆட்களுக்காக என்ன செய்ய முடியும்? (வில்லிவாக்கம்)

உங்களால்தான் அதிகம் முடியும். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன, நம் நாட்டில் தோண்டுவதை நிறுத்திவிட்டு இறக்குமதி செய்து இன்னும் பயன்படுத்துகிறோம். ஆனால் உரிமை இருக்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தெளிவாகச் சொன்னது, ஒவ்வொருவருடைய உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது விலகிய பின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் மீசோதெலியோமாவின் பெயரும் இருக்கிறது. ஆனால் கேட்கப் போனால் அந்த இடத்தில் வேலை செய்ததற்கு அத்தாட்சி எங்கே என்பார்கள். சம்பளச் சீட்டு, பழைய இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். எண், அடையாள அட்டை, எது கிடைத்தாலும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். காண்டிராக்ட்டில் இருந்தவர்களிடம் ஒன்றுமே இருக்காது, அவர்களுக்கு உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம்தான் துணை, அதைச் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் நின்று எடுத்த பழைய குரூப் போட்டோ உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் போங்கள்: இவர் எந்த ஷெட், இப்போது எங்கே, மூச்சு எப்படி இருக்கிறது. இறந்தவர் என்றால் எதனால் என்று வீட்டில் கேளுங்கள், நெஞ்சில் நீர் எடுத்தார்களா என்று கேளுங்கள். பட்டியலை எனக்கு அனுப்பினால் யார் யாரை முதலில் எக்ஸ்ரேக்கு அழைத்து வர வேண்டும் என்று உட்கார்ந்து குறித்துத் தருகிறேன்.