சித்திரம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: 1942இல் ஜப்பான் விமானங்கள் சீனக்குடாவில் குண்டு போட்டதை அம்மம்மா சொல்லக் கேட்டு, கரியால் ஒரு படம் வரைந்தேன். எரியும் எண்ணெய்த் தாங்கி, மேலே விமானங்கள், முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண். பார்த்த எல்லோரும் 'எங்கட சண்டைதானே' என்கிறார்கள். இப்போது எனக்கே குழப்பம். என்ன பொருள் என்று கீழே எழுதி ஒட்டுவது?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: எழுதுவதற்கு முன் படத்திலேயே வேலை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் விமானங்களின் இறக்கை முக்கோணமாக இருக்கிறது. நம் ஊரில் யார் பார்த்தாலும் அது கிபிர்தான், உள்நாட்டுப் போரில் குண்டு போட்ட ஜெட் விமானம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி வந்தவற்றுக்கு மூக்கில் ஒற்றை விசிறி, பக்கவாட்டில் நீண்ட இறக்கை, அதில் சிவப்பு வட்டம். கரியில் அந்த வட்டம் கறுப்புப் பொட்டாக விழுந்தால் போதும். விசிறியின் அலகுகளைக் கீற வேண்டாம். சுற்றும்போது அவை தெரியாது, மெல்லிய வட்ட நிழல் போடுங்கள்.

இத்தனை திருத்தியும் சிலர் 'எங்கட சண்டை' என்றே சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளையோடு ஓடியவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்; அவர்கள் தங்களைக் காண்பது பிழையல்ல. நீங்கள் தீர்மானிக்க வேண்டியது வேறு: இது தாங்கியின் படமா, பெண்ணின் படமா?

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். புகை மட்டும்தான் மிஞ்சுகிறது, பெண் வானத்தோடு கரைந்துவிடுகிறாள். கடுங்கறுப்பு முழுவதையும் புகைக்குக் கொடுத்ததால் வந்த வினை. பிசையும் றப்பரால் புகையைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, நடுச் சாம்பலுக்குக் கொண்டுவாருங்கள். அந்த றப்பர் கிடைக்காவிட்டால் பாணின் வெள்ளைப் பகுதியை உருட்டி ஒற்றலாம். விரல் வேண்டாம்: தோலின் எண்ணெய் தாளில் ஏறினால் கரி திட்டுத் திட்டாகப் பிடிக்கும், பிறகு அழியாது. மெல்லிய குச்சிக்கரி எழும்பிவிடும். அழுத்திச் செய்த கரி முழுதாக எழும்பாது. ஆகவே அழுத்திய கரியைக் கடைசியில், பிள்ளையின் முதுகை அணைக்கும் கையின் ஓரத்தில் மட்டும் போட்டு, அதை ஒட்டித் தாளின் வெள்ளையை விட்டுவிடுங்கள். கண் அங்கேதான் போகும். நீங்கள் தேடும் பொருளும் அந்தக் கைதான்.

கீழே எழுதுவது சுருக்கமாக இருக்கட்டும். ஸ்பானிய ஓவியர் கோயா, தன் போர் அச்சுப்படங்களில் 44ஆவதன் கீழ் 'இதை நான் பார்த்தேன்' என்று மட்டுமே எழுதினார். நீங்கள் பார்க்கவில்லை, கேட்டீர்கள். 'சீனக்குடா, 9.4.1942. அம்மம்மா சொன்னது' என்று எழுதுங்கள். 'போரின் கொடுமை' என்று எழுதினால், வந்தவர் அதை வாசித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

கேள்வி: விமானத்தின் வட்டத்துக்கு மட்டும் சிவப்புப் பூசலாமா?

பதில்: வேண்டாம். சாம்பல் படத்தில் ஒரு சிவப்பு விழுந்தால் கண் அதை விட்டு நகராது. கையைக் காட்டப் பட்ட பாடெல்லாம் வீண். முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் செய்த 'போர்' வரிசையின் 7 மரச்செதுக்குப் படங்களும் கறுப்பு வெள்ளைதான்.

கேள்வி: கரி உதிர்கிறது. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: கரியைத் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரேயை முற்றத்தில், படத்தை நிமிர்த்தி வைத்து, 30 செ.மீ. தள்ளி நின்று அடியுங்கள். முதல் பீச்சல் தாளுக்கு வெளியே விழட்டும், துளி தெறிக்காது. ஒரே தடவையில் நனைத்தால் கரி கறுத்து வழியும்; மெல்லிய பூச்சு 3, இடையில் 10 நிமிடம். அடித்த பின் அழிக்க முடியாது, வெள்ளைகளை முதலே எடுத்துவிடுங்கள். மாரியில் ஈரக்காற்றில் பூச்சு பால் போல வெளுக்கும். வெயில் எறித்த நாளாகப் பாருங்கள். தலைமுடி ஸ்பிரே நாளடைவில் மஞ்சளாகும். பிரேமுக்குக் கண்ணாடிதான் நல்லது, பிளாஸ்ரிக் தகடு நிலைமின்னால் கரியை இழுக்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மி.மீ. அட்டை விளிம்பு வையுங்கள். கடற்காற்றில் சுவர் ஈரிக்கும். பிரேமின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றோடும்.