குழந்தை பிறந்தபின் ஒரே சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எப்படி?

மனைவி ஏழு மாதக் கர்ப்பம், பிரசவத்துக்குப் பின் வேலையை விடப் போகிறார், உங்கள் சம்பளம் 25,000, வாடகை 7,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ எங்கள் கதைதான். நான் அந்த மனைவியின் இடத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு கோவை கணபதியில். கணவர் ஒரு பட்டறையில் சிஎன்சி ஆபரேட்டர், கைக்கு 22,000 வரும். நான் ஒரு சின்ன கம்பெனியில் டேலியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், 17,000. மகன் 2023 ஜனவரியில் பிறந்தான். சேமிப்பில் இருந்ததெல்லாம் தனியார் ஆஸ்பத்திரி பில்லோடு போய்விட்டது. அதற்கு மேல் கஷ்டம் வரும் என்று பயந்தோம், வரவில்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாம் சுலபமாகவே ஓடியது. 'குழந்தை என்றால் செலவு செலவு என்று மிரட்டினார்களே, இவ்வளவுதானா' என்று கணவரிடம் போனில் சிரித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது.

இரண்டு காரணங்கள் அப்போது என் கண்ணில் படவில்லை. ஒன்று, எனக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) இருந்தது. மாதம் 128 ரூபாய் பிடிப்பார்கள், 'இது எதற்குப் போகிறதோ' என்று பல தடவை முனகியிருக்கிறேன். பிரசவத்துக்கு 26 வாரம், சராசரி நாள் சம்பளம் முழுசாகக் கொடுத்தார்கள். உங்கள் மனைவிக்கு ஈஎஸ்ஐ இருந்தால் ஒரு விஷயம்: பிரசவத்துக்கு முன் ராஜினாமா கடிதம் கொடுக்க அவசரப்படாதீர்கள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். ஈஎஸ்ஐ இல்லாத வேலை என்றாலும் பேறுகாலச் சம்பளத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஆபீஸில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது காரணம் அம்மா. தலைப்பிரசவம் என்பதால் கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா வீட்டில்தான் ஐந்து மாதமும் இருந்தேன். பால், முட்டை, நாட்டுக்கோழி, கிலோ கணக்கில் பூண்டு, நாற்பது நாள் குழந்தையைக் குளிப்பாட்டி விட்ட பாட்டிக்கு நாளுக்கு 150, எல்லாம் அம்மா கணக்கு. டயப்பர் பாக்கெட் ஒன்றுகூட வாங்கவில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து அடுக்கி வைத்திருந்தார் அம்மா. துவைத்ததும் அவர்தான். எங்களுக்குச் செலவு குறைவாக இருந்தது என்றால் அது வேறொரு வீட்டில் ஏறிக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம். அது எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் 11ஆம் தேதியோடு என் 26 வாரம் முடிந்தது. அதே மாதம்தான் ஐந்தாம் மாதம் என்று சீர் வைத்து என்னையும் பிள்ளையையும் கோவைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கம்பெனியில் குழந்தையை விட இடமில்லை. அத்தைக்கு (கணவரின் அம்மா) மூட்டு வலி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. வேலையை விட்டேன். ஆக வரவு நின்றதும் முழுச்செலவு வந்து இறங்கியதும் ஒரே மாதத்தில். அதனால்தான் சொல்கிறேன், பிறந்த மாதத்துக்குப் பயப்படாதீர்கள். உங்கள் மனைவி அம்மா வீட்டிலிருந்து திரும்பும் மாதம் எது என்று காலண்டரில் குறித்துவிட்டு, அந்த மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

எங்கள் ஜூன் கணக்கு இது. வாடகை 6,500. பைக் தவணை 2,800. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, மாதம் 5,000. நகைச்சீட்டு 2,000. நான்கும் சேர்த்து 16,300. மிச்சம் 5,700 ரூபாயில் அரிசி, பால், கரண்ட், பெட்ரோல், குழந்தை. காபியைக் குறைப்பது, சினிமாவை நிறுத்துவது என்றெல்லாம் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். அதில் மிஞ்சிப்போனால் ஐந்நூறு ரூபாய் மிச்சமாகும். இரண்டு சம்பளக் காலத்தில் ஒத்துக்கொண்ட தவணைகளை ஒரு சம்பளத்தில் கட்ட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

சீட்டு இருபது மாதத்தில் பன்னிரண்டாவதில் இருந்தது. கடைசியில் எடுத்தால் முழுசாக வரும் என்று வைத்திருந்தோம். அந்த மாதமே ஏலத்தில் கேட்டோம். தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுத்த தொகை, 16,000 போனது, கையில் 84,000. மீதி எட்டுத் தவணைக்காக 40,000 தனிக் கணக்கில் போட்டு, ஏடிஎம் கார்டை அத்தையிடம் கொடுத்துவிட்டோம் (அவருக்கு அதை உபயோகிக்கத் தெரியாது, அதற்காகவே). பைக் கடனை 23,500 கொடுத்து முடித்தோம். நகைச்சீட்டை ஏழாவது மாதத்தோடு நிறுத்தினோம். கடைக்காரர் தரும் போனஸ் போயிற்று. கட்டிய 14,000க்கு மட்டும் முடிவு மாதத்தில் நகை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 16,000 நஷ்டமல்லவா என்று என் தம்பி கேட்டான். நஷ்டம்தான். ஆனால் மாதாமாதம் 9,800 ரூபாய் சுமை இறங்கியது. இல்லாவிட்டால் வெளியே வட்டிக்குப் போயிருப்போம்.

கையில் 20,500 மிஞ்சியது. அவசரத்துக்கு என்று வைத்தோம். அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஆடியில் அம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் கையில் ஒரு வளையல் இல்லை. கேட்டால் 'எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கக் கழட்டி வெச்சேன்' என்றார். தம்பிதான் பிறகு சொன்னான், என் பிரசவச் செலவுக்கு ஊர் கூட்டுறவு சொசைட்டியில் 15,000க்கு அடகு வைத்திருக்கிறார் என்று. எவ்வளவு ஆச்சு என்று கணக்குக் கேட்டேன். 'பெத்த புள்ளைக்குச் செஞ்சதுக்குக் கணக்கா? போ கண்ணு' என்று அடுப்படிக்குப் போய்விட்டார். கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் கணவரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, 'மூட்டிரலாம்' என்றார். வட்டியோடு 15,600. அவசர நிதியில் ஐயாயிரத்துக்கும் குறைவாக நின்றது. இதை புத்திசாலித்தனம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வோம்.

இனி சின்னச் சின்ன விஷயங்கள். தடுப்பூசி முழுக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், புதன்கிழமை புதன்கிழமை. ஆறாவது வார ஊசிக்கு மட்டும் ஒரு கிளினிக்கில் ஐயாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அதே வாரத்து பென்டா ஊசி, நிமோனியா ஊசி, ரோட்டா சொட்டு மருந்து மூன்றும் அரசு அட்டவணையிலேயே இலவசமாக இருக்கின்றன. ஒரு ராத்திரி காய்ச்சல் அடித்தது, நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பிய மருந்தில் அடங்கியது. அங்கன்வாடி சத்துமாவு விஷயத்தில் மட்டும் வீட்டில் ஒரு சண்டை. 'அதெல்லாம் இல்லாதவங்க வாங்கட்டும், நமக்கெதுக்கு' என்றார் கணவர். ஆறு மாதம் முடிந்ததும் நானே போய்ப் பெயர் எழுதிவிட்டு வந்தேன். பையன் கேழ்வரகுப் பாலுக்கு மூஞ்சியைத் திருப்புவான், அந்தக் கஞ்சியைச் சப்புக்கொட்டிக் குடித்தான். இப்போது மாவு வரத் தாமதமானால் முதலில் கேட்பது அவர்தான்.

ரேஷனிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அரிசியை வேலைக்கார அக்காவுக்குக் கொடுத்துவிடுவோம். இப்போது புழுங்கலரிசி இட்லி மாவுக்கு. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. வெளியே பருப்பு 150க்கு மேல் விற்றபோது அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். அந்த ஜூலையில்தான் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியது, மாதம் முழுக்கப் புளிக்குழம்புதான்.

டயப்பர் கோவைக்கு வந்ததும் நாளுக்கு நான்கு ஆகிவிட்டது, துவைக்க அம்மா இல்லையே. மாதம் 1,300. பிறகு ராத்திரிக்கு மட்டும் ஒன்று, பகலில் துணி. அதோடு வாஷிங்மெஷின் ஓட ஆரம்பித்து, செலவு கரண்ட் பில் ரூபத்தில் வந்தது. மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. அப்போதைய கட்டணத்தில் 500க்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. நூறுக்கு மேல் இருநூறு வரைக்கும் கொடுக்கும் சலுகை விலை போய்விடுவதால் ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய். ஒரு தடவை 512 வந்து மாட்டினோம். அதிலிருந்து கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து தினசரிக் காலண்டர் தாளில் எழுதுகிறார். குழந்தைக்குக் குளிக்கும் தண்ணீர் மொட்டை மாடி வெயிலில் அண்டாவில் காய்ந்தது. மழைநாளில் மட்டும் கீசர்.

மகளிர் உரிமைத் தொகைக்கு அந்த ஜூலையில் படிவம் கொடுக்க ஆரம்பித்தபோது ஓடிப்போய் வாங்கினேன். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவர் சம்பளம் ஆண்டுக்கு 2,64,000. பதினாலாயிரம் ரூபாயால் நாங்கள் வசதியானவர்கள்.

யாரும் பட்ஜெட்டில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். மொய். கைக்குழந்தை இருக்கிறது என்று எந்தக் கல்யாணமும் நிற்காது. எங்கள் கல்யாணத்தில் வைத்த மொய் அத்தனையும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஆவணி வருவதற்கு முன் மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது, யார் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்தோம். பதினொரு வீடு வந்தது. ஒன்பது வீட்டில் விசேஷம் நடந்தேவிட்டது! கணவரின் ஓவர்டைம் பணத்தை வரவில் எழுதுவதே இல்லை, அது முழுக்க இதற்கு. நீங்களும் ஓவர்டைமை வருமானமாக எண்ணாதீர்கள். ஆர்டர் இல்லாத மாதம் அது வராது.

காதுகுத்துக்கு அத்தையிடம்தான் பெரிய போராட்டம். 'ஊரே கிடா வெட்டுது, எம்பேரனுக்கு வெறும் பொங்கச் சோறா?' என்று இரண்டு நாள் பேசவில்லை. முந்நூறு பேருக்கு விருந்து போட்டால் மொய் வந்து சரிக்கட்டிவிடும் என்பது அவர் கணக்கு. வருகிற மொய்யும் கடன்தான் அத்தை என்றேன். கடைசியில் பதினோராம் மாதம் குலதெய்வக் கோயிலில் இருபது பேரோடு முடிந்தது, தம்பி மடியில் உட்கார வைத்து. நகைச்சீட்டில் வந்த இரண்டு கிராம் சொச்சம் தோடுதான் காதில் ஏறியது. மூன்றாவது வயதில் கிடா வெட்டுவதாக வேண்டியிருக்கிறோம், அத்தை நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நான் வீட்டிலிருந்தே இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன், 6,000 கிடைக்கிறது. கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாளான பதினோராம் தேதியும் இருபதாம் தேதியும் வந்தால் பையன் அத்தையிடம், அந்த இரண்டு நாள் சமையல் கணவர்.

உங்கள் மாமியார் வீட்டில் என்ன செலவாகிறது என்று நீங்கள் கேட்டால் சொல்லமாட்டார்கள். மனைவியையும் கேட்காதீர்கள், மச்சான் இருந்தால் அவரிடம் விசாரியுங்கள். எங்கள் அம்மாவின் வளையல் மறுபடி சொசைட்டிக்கே போய்விட்டது. இந்தத் தடவை தம்பி காலேஜ் ஃபீஸுக்கு.