சோறு வைத்தால் காகம் மட்டும் வருகிறது

சோற்றை நிறுத்திவிட்டுத் தண்ணீரும் பழமும் மட்டும் வையுங்கள். மட்டக்களப்புக் கல்லடியில் உங்கள் மதிலின் மேல் தினமும் சோறு வைத்தும் காகம்தான் வருகிறது, கொண்டைக்குருவியும் கரிச்சானும் எட்டியும் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அநேகமாக அந்தச் சோறுதான் காரணம். காகம் சின்னக் குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், அது காவல் இருக்கிற வெட்டவெளி மதிலுக்கு அவை எப்படி இறங்கும்?

ஒரு கிழமை இப்படிச் செய்து பாருங்கள்.

1. வாய் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் ஏறி நிற்க ஒரு கல். மர நிழலில், ஆனால் பூனை பதுங்கும் செடியை விட்டுத் தள்ளி.

2. பழுத்த பப்பாசித் துண்டைக் கொய்யா மரத்தின் நெருக்கமான கிளைகளுக்குள் கட்டுங்கள், காகம் அதற்குள் நுழையச் சிரமப்படும்.

காலை 6 மணிக்குத் தள்ளி நின்று கவனியுங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் இந்தக் காலத்தில் எங்கள் சட்டிக்கு முதலில் வந்தது ஒரு கொண்டைக்குருவிச் சோடி, ஒன்று வாலடிச் சிவப்புத் தெரியச் சிறகை உதறிக் குளிக்க, மற்றது கிளையில் காத்திருந்தது.

ஒன்று முக்கியம்: பழைய தண்ணீரைத் தினமும் வெளியே ஊற்றிவிட்டுச் சட்டியின் உட்புறத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் சாகாது.

அப்புறம், கரிச்சான் பெரும்பாலும் புழு பூச்சிதான் தின்னும். அதற்காக மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல் விடுங்கள்.