சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமையை, அதேபோல் பாதிக்கப்பட்டவர்கள் கூடும் சிகிச்சைக் குழுவில் சொல்வது உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் முதல் நாளே முழுக்கதையையும் கொட்டச் சொல்லும் குழு வேண்டாம். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்த வரிசையில் பாதுகாப்புதான் முதலில். நினைவைச் சொல்லித் துக்கப்படுவது அடுத்து. மற்றவர்களோடு மீண்டும் இணைவது மூன்றாவது. அவசரப்பட்டால் தூக்கம் கெடும், உடல் மரத்துப்போகும், சிலர் திரும்பி வரவே மாட்டார்கள்.

ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், பயிற்சி பெற்ற இருவர் நடத்துவது நல்ல அளவு. ஓர் அமர்வில் ஒருவரோ இருவரோ சொன்னால் போதும். கடைசிப் பதினைந்து நிமிடம் மூச்சைச் சீராக்கி, கால்கள் தரையில் ஊன்றியிருப்பதை உணர்வதற்கு. கேட்பவர்கள் ‘ஏன் அப்போதே சொல்லவில்லை’ என்று கேட்கவே கூடாது. அதே வெட்கத்தைச் சுமந்த இன்னொருவரைப் பார்த்து ‘உன்மேல் தப்பில்லை’ என்று சொல்லும்போதுதான், அது தனக்கும் பொருந்தும் என்று மனம் நம்பத் தொடங்குகிறது.

தற்கொலை எண்ணம் இருந்தால் முதலில் தனிச் சிகிச்சை. இந்தியாவில் 14416 என்ற அரசு மனநல உதவி எண் இரவும் பகலும் இலவசம்.