ஒலோகோ பெண்கள் கேட்ட கேள்வி

கேள்வி: 1929இல் நைஜீரியப் பெண்கள் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துத் திரண்டதாகப் படித்தேன். அது வரிக்கு எதிரான போராட்டம் மட்டும்தானா? அந்த நாட்டின் நாடாளுமன்றத்தில் இன்று பெண்கள் அரிதாகவே இருப்பது ஏன்?
– ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: வரியில் தொடங்கியது, வரியோடு நிற்கவில்லை. 1928இல் ஆண்களிடம் வரி வாங்கத் தொடங்கிய அரசு, அடுத்த ஆண்டு தென்கிழக்கு நைஜீரியாவில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண்ணிடம், வீட்டிலுள்ள ஆட்களையும் ஆடுகளையும் எண்ணிச் சொல்லும்படி கணக்கெடுக்க வந்தவர் கேட்டார். ‘உன் தாயை எண்ணினார்களா?’ என்று ந்வான்யெருவா திருப்பிக் கேட்க, வாய்ச்சண்டை கைகலப்பாயிற்று. பெண்களுக்கும் வரி வரும் என்ற அச்சத்தில், பனங்குருத்தோலை அழைப்பாக ஊர் ஊராகச் சென்றது. அது எண்ணெய்ப்பனை, நம் தேரிக்காட்டுப் பனை வேறு. ஆனால் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விலை சரிந்தால் அடுப்படி என்ன பாடுபடும் என்று அறிந்தவர்களுக்கு, எண்ணெய் விலை வீழ்ந்த அந்த ஆண்டில் வரிப்பேச்சு எப்படிச் சுட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெண்களின் உண்மையான இலக்கு, அரசு நியமித்திருந்த ஊர்த்தலைவர்கள். அப்பகுதியில் வாழும் இக்போ இன மக்களின் ஊர்கள் பலவற்றில் அரசர் என்று எவரும் இருந்ததில்லை. ஊர்க்கூட்டமே முடிவெடுத்தது, பெண்களுக்கும் தனிக்கூட்டம் இருந்தது. ஆங்கிலேயர் அதைக் கண்டுகொள்ளாமல் ஆண்களைத் தேர்ந்து அதிகாரம் கொடுத்தனர். தவறிழைத்த ஆணின் வீட்டைச் சூழ்ந்து, அவன் பணியும்வரை கேலிப்பாட்டுப் பாடி ஆடும் பழைய வழக்கத்தையே பெண்கள் அத்தலைவர்கள் மீது திருப்பினர். நீதிமன்றக் கட்டடங்களையும் தாக்கினர். டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். பின்னர் 1930களில் அத்தலைவர் முறை கைவிடப்பட்டது. ஆனால் புதிய மன்றங்களிலும் பெரும்பாலும் ஆண்களே அமர்ந்தனர்.

தங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. தெருவில் வென்றவர்களுக்கு அவையில் இடம் எழுதி வைக்கப்படவில்லை. தென்மேற்கு நைஜீரிய நகரமான அபெயோகுட்டாவில் ஃபன்மிலாயோ ரான்சம்-குட்டியின் தலைமையில் பெண்கள் நடத்திய வரிப்போராட்டத்தால் அந்நகர மன்னரே 1949இல் அரியணையை விட்டு விலக நேர்ந்தது. ஆயினும் வடக்கு நைஜீரியப் பெண்கள் வாக்குரிமை பெற 1976 ஆகிவிட்டது. ருவாண்டாவோ 2003இல் முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியது. 2008 முதல் அதன் கீழவையில் பாதிக்கு மேல் பெண்கள். எதிர்க்கட்சிக்கு அதிக இடமில்லாத ஆட்சியில் அந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது வேறு வழக்கு. நைஜீரிய நாடாளுமன்றத்தில் பெண்கள் 5 விழுக்காடுகூட இல்லை. அவர்களுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கும் திருத்தத்தை 2022 மார்ச்சில் உறுப்பினர்கள் தோற்கடித்தபோது, தலைநகர் அபுஜாவில் பெண்கள் நாடாளுமன்ற வாயிலை முற்றுகையிட்டனர்.