பழைய ஸ்விஃப்ட்டுக்கு 25,000 ரூபாயில் டயர், அலாய் இரண்டும் மாற்ற முடியுமா?

கேள்வி: 2014 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறேன். நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. அலாய் வீலும் சேர்த்துப் போட முடியுமா? இல்லை, பழைய டயர் வாங்கி ஓட்டலாமா?

பதில்: அலாயை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். உங்கள் பணத்தில் நான்கு புது டயர் வாங்கி, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரம் ஆடாமல் சுற்ற எடையைச் சமன் செய்வது) எல்லாம் முடித்தாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அலாயும் வேண்டுமென்றால் டயரின் தரத்தில் கை வைக்க வேண்டி வரும். அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்து பார்த்தவன்.

2019 மே மாதம். என்னுடையதும் இதே ஸ்விஃப்ட்தான். பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயர் இரண்டு, ஒன்று 1,200 ரூபாய் என்று வாங்கிப் பின்னால் போட்டிருந்தேன். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும்போது உளுந்தூர்பேட்டை தாண்டிப் பின்பக்க வலது டயர் வெடித்தது. மதியம் இரண்டு மணி, சரியான வெயில். பின் சீட்டில் அக்காவும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் எப்படியோ ஓரத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டெப்னி மாற்றும்போது வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்தேன். உள்பக்கச் சுவரில் 4110 என்று இருந்தது. அதாவது 2010ஆம் வருடம் 41ஆவது வாரம் தயாரானது, எட்டரை வயது. தேதி இருக்கும் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். வாங்கும்போது குனிந்து பார்க்காதது என் தப்பு. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தால் வறண்ட வயல் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தது. பட்டன் மட்டும் புதுசு போல இருந்தது.

அதனால் புதியதோ பழையதோ, முதலில் அந்த நான்கு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம் என்பதையும், அடுத்த இரண்டு எண் எந்த வருடம் என்பதையும் சொல்லும். பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது சுலபம். புது டயர் என்றால் ஆறு மாதத்துக்குள் தயாரானதாகக் கேளுங்கள். கடையில் இரண்டு வருடம் கிடந்ததைக் கொடுத்தால் வேறு எடுக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் இன்னொரு வேலை. உங்கள் பழைய டயர்கள் எப்படித் தேய்ந்திருக்கின்றன என்று கையால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் மொட்டையாகிக் கம்பி எட்டிப் பார்த்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, அல்லது சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கிறது. மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரைக் காட்டுங்கள். முன் சொந்தக்காரர் எதைக் கவனிக்காமல் விட்டார் என்பதை அந்த டயரே சொல்லிவிடும். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

அடுத்து சைஸ். உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14. டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழுமாக 264. ரிம் 14 அங்குலம் என்பது 355.6. மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட்டின் மேல் மாடலான இசட்எக்ஸ்ஐக்கு வரும் 185/65 ஆர்15ஐ இதே மாதிரி போட்டுப் பாருங்கள், 621.5 வரும். ரிம் ஒரு அங்குலம் பெரிதானாலும் டயரின் மொத்த உயரம் 2 மில்லிமீட்டர்கூட மாறவில்லை. கடையில் "175/65 ஆர்14 இருக்கு சார், அகலமா நிக்கும்" என்று சொன்னால் தலையாட்ட வேண்டாம். அதன் உயரம் 583தான். வண்டி 18 மில்லிமீட்டர் கீழே இறங்கும், ஸ்பீடாமீட்டர் ஆறு சதவீதம் போலக் கூட்டிக் காட்டும். சைஸுக்குப் பக்கத்தில் 85டி என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம் வரை. அந்த 175இல் பொதுவாக 82தான் வரும், 475 கிலோ. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் அந்த 40 கிலோ முக்கியம்.

பிராண்டில் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே நான்குமே இந்த சைஸ் செய்கிறார்கள். நான் கடைசியாக விசாரித்தபோது ஒன்று நான்காயிரத்துச் சொச்சத்திலிருந்து ஐயாயிரம் வரை சொன்னார்கள். மூன்று கடையில் கேளுங்கள், பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதையும் சரிபாருங்கள். ரொம்ப நாள் உழைக்கும் என்று விற்கும் டயரில் ரப்பர் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். மழையில் பிடிமானம் அந்த அளவுக்கு இருக்காது. வருடத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் அது உங்களுக்குத் தேவையே இல்லை.

இந்த மாதம் இரண்டுதான் முடியும் என்றால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். ஸ்விஃப்ட்டில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரத்தை என்பதால் கடைக்காரர் முன்னால் போடத்தான் சொல்வார். ஆனால் ஈர ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். மீதி இரண்டில் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அவற்றை ஓட்டவே கூடாது. சட்டமும் அதுதான். பட்டன்களுக்கு நடுவே உள்ள காடிக்குள் (பள்ளத்துக்குள்) இருக்கும் குட்டி ரப்பர் மேடு பட்டனுக்குச் சமமாக வந்துவிட்டால் அந்த அளவு முடிந்தது என்று அர்த்தம்.

பழைய டயர் வாங்கலாமா? ஒரு வகை மட்டும் வாங்கலாம். புது கார் எடுத்த கையோடு அலாயும் பெரிய டயரும் மாற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் கழற்றிக் கொடுக்கும் ஷோரூம் டயர் பெரிய டயர் கடைகளில் கிடைக்கும். மேலே நூல் மாதிரி ரப்பர் முடி அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். புது ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐக்கும் இதே 165/80 ஆர்14தான் என்பதால் உங்களுக்கு நேராகப் பொருந்தும். தேதி பார்த்துத் தைரியமாக வாங்குங்கள். பட்டனில் மறுபடி கத்தி வைத்துக் காடி வெட்டிய டயர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

ரிம்முக்கும் அதே வழிதான். டயரைக் கழற்றியதும் ஒவ்வொரு டிஸ்க்கையும் (ரிம்மைத்தான் கடையில் இப்படிச் சொல்வார்கள்) பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு நீங்களே பாருங்கள். விளிம்பு ஆடினால் பெண்ட். லேசானது என்றால் பெண்ட் எடுத்துவிடலாம். முடியாது என்றால் அலாய் மாற்றியவர்கள் கழற்றிப் போட்ட ஒரிஜினல் ஸ்டீல் டிஸ்க், சென்னையில் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் சல்லிசாகக் கிடைக்கும். பின்னாளில் அலாய் போட ஆசை வந்தால் இசட்எக்ஸ்ஐயிலிருந்து கழற்றிய 15 அங்குல ஒரிஜினலைத் தேடுங்கள். நான்கு போல்ட், 100 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), அப்படியே உட்காரும். உள்பக்கத்தில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் வேண்டாம்.

மாட்டும்போது நான்கு வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், செலவு கொஞ்சம்தான். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடுங்கள். 2014 வண்டியில் பெரும்பாலும் அது 2014லேயே வந்ததாகத்தான் இருக்கும்.